சம்பந்தி கொண்டுவந்த மீன்

எனக்கு இரத்த அழுத்தம் கூடிவிட்டதென்று கண்டுபிடித்த டொக்டர், மாத்திரையோடு சேர்த்து ஓர் அறிவுரையும் தந்தார். வீட்டில் மீன் வளர்த்துப் பாருங்கள், மீன் நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் அடங்கும் என்றார். அந்த மனுசன் தன் வாழ்நாளில் கடல்நீர் மீன் வளர்த்திருக்க மாட்டார். வளர்த்திருந்தால் இன்னொரு மாத்திரையும் எழுதித் தந்து அனுப்பியிருப்பார்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறேன். பெண்கள் பாடசாலை ஒன்றில் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கணவர் போய்ச் சேர்ந்து பல வருடங்கள். ஒரே மகள் கலியாணம் முடித்து மெல்பனுக்குப் போனபின், அவளுடைய படிப்பு மேசை இருந்த இடத்தில் நாலடி நீளத் தொட்டி ஒன்றை வைத்தேன். பரிசோதனைக் குழாய், உப்பின் அளவு பார்க்கும் கருவி எல்லாம் வந்தன. வகுப்பில் பிள்ளைகளை மிரட்டிய அதே குரலில் தொட்டித் தண்ணீரையும் மிரட்டத் தொடங்கினேன்.

கடலுக்கு முன்னால் இருந்துகொண்டு நுகேகொடை மீன்தொட்டிக் கடைக்குப் போய் உப்பு வாங்குகிற ஒரே விசரி நான்தான் என்று எங்கள் கட்டடம் முழுக்கக் கதை. ரயில் பாதையைத் தாண்டினால் கடல், இரண்டு வாளி அள்ளி வந்தால் முடிந்ததே என்பார்கள். அந்தக் கடலுக்குள் கால்வாய் என்னவெல்லாம் கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று ஒருநாள் லிஃப்டுக்கு முன்னால் நின்று விளக்கமாக ஒரு பாடம் எடுத்தேன். அதன்பிறகு ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு குடும்பம் மாலையில் கடலில் கால் நனைக்கப் போவதையும் நிறுத்திவிட்டது.

தொட்டிக்குள் ஒரு சோடி கோமாளி மீன், மணலை வாயில் அள்ளித் துப்பிக்கொண்டே இருக்கும் ஒரு மீன், மற்றவர்களின் உடம்பைத் துப்புரவு செய்கிற ஓர் இறால், இவ்வளவுதான் குடித்தனம். கோமாளி மீனில் பெரியதுதான் பெண். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்டுக்கொண்டு, பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் குணம் பொல்லாதது. இடது பக்க மூலையில் இரண்டு பாறைக்கு நடுவில் ஒரு குகை இருந்தது. அது அவளுடையது. போகப்போக இடது பக்கப் பாதித் தொட்டியும் அவளுடையதாயிற்று. புருஷன்காரன் அவளுக்குப் பின்னால் உடம்பை ஆட்டி ஆட்டிப் பணிந்து போவான். மகள் வட்ஸ்அப்பில் அவளைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நீங்களேதான்" என்றாள். நான் கோபிக்கவில்லை. வீட்டை ஒழுங்காக வைத்திருப்பவளுக்கு இப்படிப் பேர் வருவது வழமைதானே.

எனக்கு மீன்களால் வந்த தலையிடியைவிட மனிதர்களால் வந்ததுதான் கூட. எங்கள் ஆட்களுக்கு ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகத் தெரியாது. முன்பு பிஸ்கட் பெட்டி, முந்திரிகைப் பழம், மோல்ட் பக்கற் என்று வந்துகொண்டிருந்தது. நான் தொட்டி வைத்தேன் என்று தெரிந்ததும், ரீச்சருக்குப் பிடிக்கும் என்று மீன் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஒருவர் நல்ல தண்ணீரில் வாழ்கிற தங்கமீனைக் கொண்டுவந்து, உப்புத் தண்ணீரில் விடுங்கோ, பழகிடும் என்றார். பழைய மாணவி ஒருத்தி கொண்டுவந்த மீன் வளர்ந்தால் தொட்டியில் உள்ள மற்ற எல்லாரையும் சாப்பிடக்கூடியது. கொண்டுவந்ததைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, முகம் சுருங்கிப்போகும். அவர்கள் படி இறங்கும்வரை சிரித்துக்கொண்டு நின்றுவிட்டு, பொலித்தீன் பையோடு நுகேகொடைக் கடைக்கு ஓட்டோ பிடிப்பேன். கீழே இருக்கும் காவல்காரர் என்னைப் பார்த்ததும் "தவ மாளுவெக்" என்று சிரிப்பார். இன்னொரு மீன் என்கிறார். கடைசியில் வாசற்கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினேன்: உயிருள்ள எதையும் கொண்டுவர வேண்டாம்.

அந்த அறிவிப்பை மதிக்காமல் வந்தவர் ஒரே ஓர் ஆள். அவரிடம் கதவைக் காட்டி வாசிக்கச் சொல்ல என்னால் முடியவில்லை, ஏனென்றால் அவர் என் சம்பந்தி.

மருமகன் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பையன். அவனுடைய அப்பாவும் இல்லை. அம்மா கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்த மாடி வீட்டைச் சொந்தக்காரர் இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறாராம். ஒருநாள் மகள் போன் எடுத்து, குரலை நன்றாகக் குழைத்துக்கொண்டு விசயத்தைச் சொன்னாள். மாமிக்கு இருக்க இடமில்லை, உங்களிடம் ஓர் அறை சும்மா கிடக்கிறது, ஈஸ்டர் வரைக்கும் ஒன்றாக இருந்து பாருங்கோ. ஒத்து வந்தால் அப்படியே இருக்கட்டும். ஒத்து வராவிட்டால், சிஸ்டர்மார் நடத்துகிற முதியோர் இல்லத்தில் தனக்கென்று ஒரு கட்டில் பேசி வைத்திருக்கிறார், அங்கே போய்விடுவார்.

"மாமி ஹோமுக்குப் போனா இவர் தாங்கமாட்டார். நீங்கதான் பாத்துக்கொள்ளோணும். வாயை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கோம்மா" என்றாள் மகள்.

எனக்குத் தனியாக இருந்து பழகிவிட்டது. விடியற்காலையில் வானொலியைச் சத்தமாக வைப்பேன், இரவு முட்டை பொரித்து நின்றபடி சாப்பிடுவேன், தொட்டியோடு சத்தம் போட்டுக் கதைப்பேன். இன்னொரு ஆளுக்கு முன்னால் இதெல்லாம் செய்ய முடியுமா? சரி என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் ஈஸ்டர் எப்போது வருகிறது என்று கலண்டரில் பார்த்தேன்.

அவர் புதன்கிழமை பின்னேரம் வந்தார். வெள்ளி, செவ்வாயில் நான் மச்சம் மாமிசம் சமைப்பதில்லை, புதன் நல்ல நாள் என்று யோசித்துக் கோழிக்கறி, புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், முட்டை மாசு என்று காலையிலிருந்து குசினியில் நின்றேன். சம்பந்திக்குச் சமைப்பதென்றால் சும்மாவா? கதவைத் திறந்தால், அவர் நெற்றியில் சாம்பல். என் நெற்றியில் திருநீறு. நான் ஒரு நிமிடம் இவர் மதம் மாறிவிட்டாரோ என்றுகூட யோசித்தேன். அவர்தான் கூச்சத்தோடு சொன்னார்:

"அக்கா, இண்டைக்கு விபூதிப் புதன். எங்களுக்கு ஒருசந்தி, இறைச்சி தொடமாட்டோம்."

வருடம் முழுவதும் இருக்கிற நாட்களில் கோழி சமைக்க நான் தேர்ந்தெடுத்த நாள் அது. அவர் புட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டார், நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தேன், கோழிக்கறி காவல்காரருக்குப் போயிற்று. இதற்குப் பரிகாரமாக, வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அவர் சந்தைக்குப் போய்ப் பாரை மீன் வாங்கி, கொட்டாஞ்சேனைக் கைப்பக்குவத்தில் ஒரு குழம்பு வைத்திருந்தார். தவக்கால வெள்ளியில் அவர்களுக்கு இறைச்சிதான் இல்லை, மீன் சாப்பிடலாம். எனக்கோ வெள்ளியில் இரண்டும் இல்லை. வீடு முழுக்க மீன் குழம்பு வாசம், தொட்டிக்குள் இருந்த உயிர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. அந்தக் குழம்பும் காவல்காரருக்குப் போயிற்று. அந்தத் தவக்காலத்தில் எங்கள் கட்டடத்தில் வயிறாரச் சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான். அதற்குப் பின் வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் பருப்பைச் சாப்பிட்டோம்.

வந்த அன்று அவர் கையில் இருந்த பொலித்தீன் பையைச் சொல்ல மறந்துவிட்டேன். "மகள் சொன்னா, உங்களுக்கு மீன் எண்டா உயிர் எண்டு. வெறுங்கையோட வர மனசில்ல அக்கா." உள்ளே சுண்டுவிரல் அளவில் ஒரு மீன். முன்பாதி வெள்ளை, பின்பாதி நெருப்புச் சிவப்பு, முதுகில் கொடிக்கம்பம்போல ஒரு துடுப்பு. அழகில் குறை சொல்ல முடியாது. ஃபயர் ஃபிஷ் என்பார்கள். பேர்தான் நெருப்பு, அதைப்போல ஒரு பயந்தாங்கொள்ளி கடலில் கிடையாது. ஒருவரோடும் சண்டைக்குப் போகாது, ஒருவரையும் கடிக்காது. ஒளிந்துகொள்ள ஒரு பொந்து கிடைக்காவிட்டால் தொட்டியை விட்டு வெளியே பாய்ந்துவிடும். மற்ற மீன்கள் அதைக் கொல்வதில்லை, அதுவாகவே போய்விடும்.

வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் அடுத்தநாளே நுகேகொடையில் விட்டிருப்பேன். சம்பந்தி தந்ததை எப்படிக் கொடுப்பது? அது மெல்பன் வரைக்கும் போகும். பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து, முறைப்படி உள்ளே விட்டேன். குகைக்குள் இருந்து எசமானி வந்தாள். வாயை அகட்டிக்கொண்டு ஒரே பாய்ச்சல். புதிது வலது பக்கம் ஓட, அங்கேயும் துரத்தினாள். அது கடைசியில் தண்ணீர் இறைக்கும் குழாய்க்குப் பின்னால், மேலே ஓர் இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டது.

சம்பந்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஐயோ, அது பாவம். ஏன் அக்கா இந்தத் துரத்துத் துரத்துது? இவ்வளவு இடம் கிடக்குதே."

"முதல்ல கொஞ்ச நாளைக்கு அப்பிடித்தான் இருக்கும் அக்கா. போகப் போகப் பழகிடும்" என்றேன்.

இந்த அக்கா விசயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்று கலியாணப் பேச்சு நடந்த காலத்திலேயே எனக்குத் தெரியும். ஆனால் முதல் நாளிலேயே அவர் முந்திக்கொண்டு என்னை அக்கா என்றுவிட்டார். விடுவேனா நான்? நானும் அக்கா என்றேன். இரண்டு அக்காமாரும் ஒரே வீட்டில் இருந்தோம், தங்கச்சியைத்தான் காணவில்லை.

சண்டை பிடிக்கிற உறவாக இருந்திருந்தால் எல்லாம் இலகுவாக இருந்திருக்கும். தங்கச்சி என்றால் கத்தலாம், மகள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். சம்பந்தியோடு ஒன்றும் செய்ய முடியாது. நான் கோப்பை கழுவப் போனால் அவர் பறிப்பார், அவர் கூட்டினால் நான் தும்புத்தடியைப் பறிப்பேன். தொலைக்காட்சியில் யார் நாடகம் பார்ப்பது என்று இரண்டு பேரும் விட்டுக்கொடுத்து, கடைசியில் இருவருக்கும் விளங்காத கிரிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்ததில் எனக்குத் தாடை நோவு வந்தது.

ஆனால் குசினியில் என் கை சும்மா இருக்காது. முப்பது வருடம் ஆய்வுகூடம் நடத்தியவள். மா ஓர் இடம், சீனி ஓர் இடம், போத்தல்களின் எழுத்து முன்பக்கம் பார்க்க வேண்டும், சின்னச்சீரகத்துக்கும் பெருஞ்சீரகத்துக்கும் நடுவில் வெந்தயம் இருக்க வேண்டும். அவர் தேநீர் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, இதை எங்க வெக்க?" என்பார். சொல்வேன். அடுத்தநாளும் கேட்பார். சொல்வேன். ஒருநாள் கேட்காமல் தானாகவே ஓரிடத்தில் வைத்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் எடுத்துச் சரியான இடத்தில் வைத்தேன். அதை அவர் திரும்பி வரும்போது பார்த்துவிட்டார். மறுநாள் பழையபடி, "அக்கா, இதை எங்க வெக்க?" என்றார். இவருக்கு ஞாபகமறதி தொடங்கிவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று மகளிடம் சொன்னேன்.

மீனுக்கும் அதே கதிதான். பின்னேரங்களில் சம்பந்தி கதிரையைத் தொட்டியின் வலது பக்கம் போட்டுக்கொண்டு செபமாலை சொல்லுவார். அவர் அசையாமல் இருப்பதாலோ என்னவோ, அந்த மீன் குழாய்க்குப் பின்னால் இருந்து தலையை மட்டும் நீட்டும். எசமானி கண்டால் உடனே உள்ளே போய்விடும். சாப்பாடு போட்டால் அது வருவதற்குள் முடிந்துவிடும். நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தது. அதற்குத் தனியாகக் கொஞ்சம் போடட்டுமா என்று அவர் ஒருநாள் மெதுவாகக் கேட்டார். கூடப் போட்டால் தண்ணீர் பழுதாகிவிடும் என்று அமோனியாவைப் பற்றி ஒரு பாடம் எடுத்தேன். அவர் நல்ல மாணவிபோலத் தலையாட்டிவிட்டு, அதன்பிறகு கேட்கவில்லை.

இதற்கு மருந்து எனக்குத் தெரியும். தொட்டிக்குள் இருக்கிற பாறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வேறு விதமாக அடுக்க வேண்டும். பழைய மீனுக்குத் தன் வீடு எது, எல்லை எது என்று தெரியாமல் போய்விடும். எல்லாரும் ஒரே நாளில் குடிவந்த மாதிரி. துரத்துவதற்கு ஓர் இடம் தன்னுடையது என்று நினைப்பு வேண்டும் அல்லவா? மீன் வளர்க்கிற எல்லாருக்கும் தெரிந்த விசயம் இது. ஆனால் அந்தப் பாறைகளை நான் மாதக்கணக்காகப் பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்தேன். ஊதா நிறம் படர்ந்து, கோயில் கோபுரம் மாதிரி வந்திருந்தது. சுண்டுவிரல் மீன் ஒன்றுக்காக அதைக் கலைப்பதா? போகப் போகப் பழகிடும் என்று மறுபடியும் சொன்னேன். எனக்கே அலுத்துப்போகும் அளவுக்குச் சொன்னேன்.

ஈஸ்டருக்கு ஒரு கிழமை முந்தி, குருத்தோலை ஞாயிறன்று அது பாய்ந்துவிட்டது.

நான் மத்தியானம் சோபாவில் கண்ணயர்ந்திருந்தேன். பூசைக்குப் போய்விட்டு, கொட்டாஞ்சேனையில் பழைய அயலவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த சம்பந்தி, கதவைத் திறந்தவுடன் தரையில் சிவப்பாக ஏதோ கிடப்பதைக் கண்டிருக்கிறார். நான் விழித்தபோது அவர் கையில் குருத்தோலையோடு முழங்காலில் இருந்தார். கத்தவில்லை, என்னை எழுப்பவும் இல்லை. தலையில் போட்டிருந்த பூசை முக்காட்டை இழுத்துத் தொட்டித் தண்ணீரில் நனைத்து, அதில் மீனை ஏந்தி எடுத்து உள்ளே விட்டார். அது கொஞ்ச நேரம் சரிந்தபடி கிடந்தது. பிறகு செவுள் அசைந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இதுக்கு மூடி ஒண்டும் இல்லியா அக்கா?" என்று கேட்டார்.

மூடி இல்லை. வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர் அந்த வலை முக்காட்டைப் பிழிந்து, தொட்டியின் மேலே விரித்து, நாலு பக்கமும் உடுப்புக் கவ்வி போட்டார். ஓரத்தில் பூ வேலை செய்த வெள்ளை வலை. தொட்டி, முக்காடு போட்டுக்கொண்டு முதல் நன்மை வாங்கச் சேர்ச்சுக்குப் போகும் பிள்ளை மாதிரி இருந்தது. சிரிப்பு வந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு, மிக மரியாதையாகச் சொன்னார்:

"அக்கா, நான் பெரிய வியாழனுக்கு முதல் ஹோமுக்குப் போறன். அங்க சின்னச் சேர்ச் ஒண்டு பக்கத்திலேயே இருக்குது, எனக்கு லேசு. பிள்ளைங்களுக்கு நானே சொல்றன், உங்களில ஒரு குறையும் இல்ல எண்டு."

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல? ஈஸ்டருக்கு நாள் பார்த்தவள் நான்தானே. வெற்றிதான். ஆனால் அன்றைக்குத் தேநீருக்குச் சீனி போட மறந்துபோனேன்.

அடுத்தநாள் காலை அவர் சந்தைக்குப் போயிருந்தபோது மழை பிடித்தது. அவருடைய அறை யன்னலைச் சாத்தப் போனேன். அவர் வந்தபின் அந்த அறைக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. பெட்டி அப்படியே இருந்தது, திறந்து உடுப்பு எதையும் அலுமாரியில் வைக்கவில்லை. பல்துலக்கி ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, துவாய்க்குப் பக்கத்தில் இருந்தது. குளியலறைக் கோப்பையில் என்னுடைய ஒன்றுதான் எப்போதும் இருந்ததை அப்போதுதான் யோசித்தேன். மாதா படம் ஒன்று, கண்ணாடிச் சட்டம் போட்டது, பெட்டிக்கு மேலே மல்லாக்கக் கிடந்தது. இத்தனை நாளும் அந்த மனுசி மல்லாக்கக் கிடந்த படத்தைப் பார்த்துச் செபம் சொல்லியிருக்கிறார். சுவரில் ஓர் ஆணி அடிக்கட்டுமா என்று என்னிடம் கேட்கவில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதோடு சேர்ந்து கோபமும் வந்தது. ஓர் ஆணி கேட்டால் நான் என்ன ஆளையா விழுங்கிவிடுவேன்? வாயைத் திறந்து கேட்டால் என்ன? ஆணியையும் சுத்தியலையும் தேடி எடுத்து அங்கேயே அடித்துவிடலாமா என்று நினைத்தேன். ஆணி மட்டும் போதாது என்று பட்டது. யன்னலைச் சாத்திவிட்டு வந்து தொட்டிக்கு முன்னால் நின்றேன். குழாய்க்குப் பின்னால் சிவப்பு வால் தெரிந்தது. எசமானி தன் குகை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

சம்பந்தி நனைந்துகொண்டு வந்தபோது நான் கை முட்டிக்கு மேல் வரை தொட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். "வாளியைப் பிடியுங்கோ அக்கா" என்றேன். அவர் பையை வைத்துவிட்டு ஓடிவந்து பிடித்தார். ஒவ்வொரு பாறையாக எடுத்தேன். கோபுரம் போயிற்று. குகைப் பாறையில் கை வைத்ததும் எசமானி வந்து என் விரலைக் கடித்தாள். சின்ன வாய்தான், ஆனால் கடி கடிதான். "சனியன், சோறு போட்ட கையைக் கடிக்கிறியே" என்று கத்திவிட்டேன். ஒரு மாதத்துக்கு மேலாக அடக்கி வைத்த குரல் அது. சம்பந்தி திடுக்கிட்டுப் போனார். பிறகு, அவர் வந்ததிலிருந்து முதல் தடவையாக, வாளியைப் பிடித்தபடி வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏன் அக்கா இவ்வளவு வடிவா இருந்ததைக் கலைக்கிறீங்க?"

"இப்ப இதுக்குள்ள ஒருத்தருக்கும் இது என்ர இடம் எண்டு சொல்லேலாது. பழைய ஆளுக்கும் தெரியாது, புது ஆளுக்கும் தெரியாது. எல்லாரும் இனித்தான் தேடிப் பிடிக்கோணும்."

பாறைகளை நான் அடுக்கவில்லை, அவரையே அடுக்கச் சொன்னேன். அவர் தயங்கித் தயங்கி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், கோணல்மாணலாக, ஒரு கல்லுக்கும் மற்றக் கல்லுக்கும் சம்பந்தமில்லாமல், பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் பொந்துகள் நிறைய. என் கை துருதுருத்தது. இரண்டு கையையும் துவாய்க்குள் சுற்றி வைத்துக்கொண்டேன். கலங்கல் தெளிந்ததும் பார்த்தோம். எசமானி நடுத்தொட்டியில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், பேருந்து மாறி ஏறிவிட்ட ஆள்போல நின்றாள். யாரையும் துரத்தவில்லை. துரத்துவதற்கு எந்த இடத்திலிருந்து துரத்துவது? குழாய்க்குப் பின்னால் இருந்த மீன் மெல்ல இறங்கி, வலது பக்கம் கீழே ஒரு பொந்துக்குள் போய், திரும்பி, தலையை வெளியே நீட்டியது. அதை ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை.

"இருந்துட்டுது அக்கா" என்றார் சம்பந்தி. அவர் கண் கலங்கியிருந்தது.

தேநீர் போட்டுக் குடித்தோம். அவர் கோப்பையைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு, குசினி நடுவில் நின்று, வழமைபோலக் கேட்டார்: "அக்கா, இதை எங்க வெக்க?"

மேல் தட்டைத் திறந்து மாப் போத்தலை எடுத்துத் தரையில் வைத்தேன். சீனி, சீரகம், வெந்தயம், மிளகாய்த்தூள், பருப்பு வகை எல்லாவற்றையும் இறக்கினேன். கீழ்த் தட்டில் இருந்த சட்டி பானைகளை இழுத்தேன். கோப்பைகள், பீங்கான்கள், புட்டுக் குழல், தேங்காய் துருவி எல்லாம் வெளியே வந்தன. கால் வைக்க இடமில்லை. அவர் கோப்பையோடு நின்ற இடத்திலேயே நின்றார், எனக்கு மூளை பிசகிவிட்டதென்று நினைத்திருப்பார். பிறகு தரையைப் பார்த்தார், தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க வெக்கிற இடத்தில வெய்யுங்கோ" என்றேன். "எனக்கும் இனித் தெரியாது."

அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் இருந்த கோப்பையை யன்னலுக்குப் பக்கத்துத் தட்டில் வைத்தார். அது கோப்பை வைக்கிற இடமே இல்லை. நான் அடுத்த கோப்பையை எடுத்து அவரிடம் நீட்டினேன். அன்று மத்தியானம் வரைக்கும் நாங்கள் அடுக்கினோம். பிறகு மாதா படத்துக்கு ஆணி அடித்தோம், சுத்தியலை யார் பிடிப்பது என்று முதல் தடவையாக வாய்ச்சண்டையும் பிடித்தோம். எசமானி இரண்டு நாளில் வேறொரு மூலையைப் பிடித்துக்கொண்டாள், குணம் மாறவில்லை, ஆனால் இப்போது அவளுக்கென்று கால்வாசித் தொட்டிதான்.

குசினியை அடுக்கிய மறுநாள் விடியற்காலையில் தேநீர் போடப் போனேன். குளியலறைக் கோப்பையில் இரண்டு பல்துலக்கி இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். தண்ணீர் கொதித்தது. தேயிலை கிடைத்தது. சீனியைக் காணவில்லை. மேலே தேடினேன், கீழே தேடினேன், என் வீட்டில், என் குசினியில், கையில் வெறும் கரண்டியோடு நடுவில் நின்றேன். அவர் தலையை முடிந்துகொண்டு வந்தார்.

"அக்கா, சீனியை எங்க வச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் எனக்குப் பின்னால் இருந்த தட்டைத் திறந்து, மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் இருந்து சீனியை எடுத்துக் கையில் தந்தார்.

"முதல்ல கொஞ்ச நாளைக்கு அப்பிடித்தான் இருக்கும் அக்கா," என்றார். "போகப் போகப் பழகிடும்."